குடும்பக் கூடுகையும் பிள்ளைக்குரிய நீதியும்: நியூசிலாந்துச் சட்டம் ஒன்றின்மேல் ஒரு திறனாய்வு

சமூக நெறியியல் வகுப்பிற்கென நம் மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளில் சில ஆண்டுகளாக நியூசிலாந்தின் பெயர் அடிக்கடி தென்படுகிறது. தண்டிக்கும் நீதிக்கு மாறாக ஒப்புரவாக்கும் நீதி ஒன்று உண்டா என்ற வினாவிற்கு, 'ஆம், அங்கே உண்டு' என்று அவர்கள் விடையளிக்கின்றனர். அங்கே ஒரு சிறுவன் குற்றம் புரிந்தாலும், ஒரு குழந்தை வீட்டில் துன்புறுத்தப்பட்டாலும், நீதிபதியோ அதிகாரியோ தனித்துத் தீர்மானிப்பதில்லை. குடும்பத்தார் கூடிப் பேசித் திட்டம் வகுக்கின்றனர். இதுவே சுவிசேஷத்தின் ஒப்புரவிற்கு நெருங்கிய சமூக ஏற்பாடு என்பது அக்கட்டுரைகளின் பொதுவான வாதம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்துவந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்நாட்டின் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதற்கு முன்னோடியாக வந்த அறிக்கையையும், அதற்குப் பின் நிகழ்ந்தவற்றையும் அருகருகே வைத்து நோக்கியபோது, நமது பாராட்டு தவறான இடத்தில் விழுந்திருந்தது என்பது புலனாயிற்று. சட்டம் பாராட்டத்தக்கதே. எதற்காகப் பாராட்டத்தக்கது என்பதிலேதான் நாம் வழுவினோம்.

முதலில் வரலாறு. சாமுவேல் மார்ஸ்டென் 1814ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று அந்நாட்டின் வடகரையில் மாவோரி மக்கள் நடுவே முதல் அருளுரை ஆற்றினார். அவருக்குப் பின்னே நின்றது சர்ச் மிஷனெரி சங்கம். அதே 1814ஆம் ஆண்டில்தான் அதே சங்கம் அனுப்பிய இரேனியுஸ் சென்னையில் வந்திறங்கினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் பாளையங்கோட்டைக்குச் சென்றார். ஆகவே அந்நாட்டுத் திருச்சபையின் கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று; ஒரே தாயின் இரு பிள்ளைகள் என்றும் சொல்லலாம். சபையும் பள்ளியும் சென்ற வழியே குடியேற்றமும் நிலப்பறிப்பும் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாவோரி மக்கள் பெருந்தொகையாக நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, அவர்களின் பிள்ளைகளை அரசு கண்காணிக்கத் தொடங்கிற்று. திருட்டு, பள்ளிக்குச் செல்லாமை, வீட்டில் கவனிப்பின்மை என்று ஏதேனும் ஒரு காரணத்தால் பிள்ளைகள் அரசு இல்லங்களுக்கும் திருச்சபை இல்லங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். தொகையில் சிறுபான்மையினரான மாவோரிகளின் பிள்ளைகள் அவ்வில்லங்களில் தங்கள் விகிதத்திற்கு மிக மிஞ்சிய எண்ணிக்கையில் இருந்தனர். அத்தையும் மாமனும் பாட்டனும் அடுத்த தெருவிலேயே இருந்தும் அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

இக்குறையை ஆராய அரசு ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. ஜான் ரங்கிஹாவ் என்னும் மாவோரிப் பெரியவர் அதற்குத் தலைமை வகித்தார். குழுவினர் மராயே எனப்படும் ஊர்ப்பொது மன்றங்கள் பலவற்றிற்கும் நேரில் சென்று மக்களின் சொற்களைக் கேட்டனர். அவர்கள் 1986இல் அளித்து, 1988இல் அச்சில் வெளிவந்த அறிக்கைக்குப் 'புவாவோ-தே-ஆத்தா-தூ' என்று பெயர். விடியல் என்பது பொருள். அரசுத் துறையின் நடைமுறைகளிலேயே இனவேற்றுமை ஊறிக் கிடக்கிறது என்று அவ்வறிக்கை வெளிப்படையாகக் கூறிற்று. மாவோரி நெறியில் பிள்ளை தாய் தகப்பனுக்கு மட்டும் உரியதன்று. ஃபானாவ் என்னும் பெருங்குடும்பத்திற்கும், ஹபு என்னும் கிளைக்கும், இவி என்னும் குலத்திற்கும் உரியது என்பதை அது எடுத்துரைத்தது. ஆயினும் அதன் பரிந்துரைகளில் முன்வரிசையில் நின்றவை குடும்பக் கூட்டம் பற்றியவை அல்ல. இனவேற்றுமையை எல்லா வடிவிலும் எதிர்த்தல், செல்வத்தையும் அதைக் கையாளும் அதிகாரத்தையும் மாவோரி மக்களோடு பகிர்தல் என்பவையே அவை. இதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நமது திறனாய்வு முழுவதும் இதன்மேலேயே நிற்கிறது.

1989ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், பிள்ளைகள், இளைஞர், அவர்தம் குடும்பங்கள் என்ற மூன்றையும் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. (இன்று அது ஒரங்கா தமரிக்கிச் சட்டம் எனப்படுகிறது.) அதன் இதயம் குடும்பக் கூடுகை. பிள்ளைக்குப் பராமரிப்போ பாதுகாப்போ தேவை என்று நீதிமன்றம் அறிவிக்குமுன் கூடுகை நிகழ்ந்திருக்க வேண்டும். இளைஞர் நீதிமன்றத்திலும், குற்றத்தை இளைஞன் மறுக்காவிடில், கூடுகை நடந்தபின்னரே தீர்ப்பு. கொலை வழக்குகள் இதற்குப் புறம்பானவை. கூடுகையை ஒழுங்கு செய்யும் ஒருங்கிணைப்பாளர், எங்கே, எப்போது, எம்முறையில் கூடுவது என்பதைக் குடும்பத்தாரிடமே கேட்டறிகிறார். மன்றத்தில் கூடினும் வீட்டில் கூடினும், பிரார்த்தனையோடு தொடங்கினும் தொடங்காவிடினும் அது குடும்பத்தின் விருப்பம். யார் யாருக்கு அழைப்பு அனுப்புவது என்று தேடுவது அவருடைய வேலையில் பெரும்பங்கு. தூரத்து ஊரில் இருக்கும் சித்தியின் முகவரியைத் தேடிப் பிடிப்பதும் சட்டத்தின் கடமையாயிற்று.

கூடுகையின் நடையில் நாம் வியப்பது இதுவே. முதலில் சமூகப் பணியாளரும் காவலரும் பிறரும் தாங்கள் அறிந்ததைச் சொல்கின்றனர். குடும்பத்தார் வினவுகின்றனர். அதன்பின் அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விடுகின்றனர். குடும்பத்தார் மட்டும் தனித்திருந்து, சில வேளை ஒரு மணி நேரம், சில வேளை நாள் முழுதும், பேசுகின்றனர். கதவு திறந்தபின் தங்கள் திட்டத்தைச் சொல்கின்றனர். அது நடைமுறைக்கு ஒவ்வாததாகவோ சட்டத்தின் நெறிகளுக்கு முரணாகவோ இருந்தாலன்றி அதிகாரிகள் ஏற்றாக வேண்டும். அறிந்தவர் வெளியே இருந்து காத்திருக்க, அறியாதவர் என்று கருதப்பட்டவர் உள்ளே இருந்து தீர்மானிக்கின்றனர். ஆயர் பணியில் இருப்போர் இதை எளிதில் கடந்துசெல்ல மாட்டார்கள். ஒரு வீட்டுப் பிரச்சனையில் நம்மை அழைத்துவிட்டால், கடைசிச் சொல் நம்முடையதாய் இருக்க வேண்டும் என்ற பழக்கம் நம்மில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது!

இங்கே நம் சொந்த நினைவு ஒன்றைப் பதிவு செய்வது தகும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் ஒரு கிராமச் சேகரத்தில் பணியாற்றியபோது, தகப்பனை இழந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை மாணவர் விடுதிக்கு அனுப்பப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தோம். தாய் விதவை, கூலி வேலை, வேறு ஆதரவு இல்லை என்று எழுதினோம். தாய் மறுக்கவில்லை. 'ஐயா சொன்னால் சரிதான்' என்றாள். சில மாதங்கள் சென்றபின் அவளுடைய தம்பி நம் வாசலுக்கு வந்தார். திருப்பூரில் வேலை செய்பவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. 'தாய்மாமன் நான் இருக்கிறேன், ஐயா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்டிருந்தால் நான் வளர்த்திருப்பேன்' என்றார். நம்மிடம் விடை இல்லை. விடுதியில் அப்பையன் நன்றாகப் படித்தான். இப்போது நல்ல நிலையில் இருக்கிறான். அதனால் நாம் செய்தது சரியாகிவிடாது. 'வேறு ஆதரவு இல்லை' என்ற சொற்றொடரை நாம் தேடிப் பார்த்து எழுதவில்லை. எழுதும் வழக்கம் பற்றி எழுதினோம். நியூசிலாந்துச் சட்டத்தில் ஒருங்கிணைப்பாளரின் கடமைகளை முதன்முதல் வாசித்தபோது அந்த மனிதரின் முகமே நமக்குத் தோன்றிற்று.

ஆகவே சட்டத்தின் முதற்பெருமை ஒப்புரவன்று. யாரைக் கேட்க வேண்டும் என்பதை அது கட்டாயமாக்கியது. ஒப்புரவு அதன் பின்னே வரலாம், வராமலும் போகலாம்.

இளைஞர் நீதிப் பகுதியில் இது இன்னும் தெளிவாகிறது. அங்கே கூடுகைக்குக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரும் வரலாம். கடையை உடைத்தவனும் கடைக்காரரும் நேருக்கு நேர் அமர்கின்றனர். மன்னிப்புக் கேட்டல், பொருளை ஈடுசெய்தல், ஊர்ப்பணி செய்தல் எனத் திட்டம் உருவாகிறது. அதை இளைஞன் நிறைவேற்றிவிட்டால், குற்றச்சாட்டே பதிவாகாதது போல அவனை விடுவிக்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. முதல் தலைமை இளைஞர் நீதிபதியாகிய மைக்கேல் பிரவுன் ஒரு மாவோரி. இம்முறை வேரூன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. நம் மாணவர்கள் மேற்கோளாக விரும்புவது இப்பகுதியையே. ஆனால் கேப்ரியல் மாக்ஸ்வெல், ஆலிசன் மாரிஸ் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் வாசிப்பதில்லை. இளைஞரும் பெற்றோரும் காவலரும் மிகப் பெரும்பான்மையாக நிறைவடைந்திருந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே நிறைவடைந்தனர். சிலர் வந்ததைவிட மனம் நொந்து திரும்பினர். பாதிக்கப்பட்டோர் பலர் கூடுகைக்கு வரவே இல்லை. குற்றவாளியைக் காண மனமின்மை அதற்குக் காரணமன்று. அப்படிச் சொன்னவர் மிகச் சிலரே. அவர்களுக்கு அழைப்பே செல்லவில்லை, அல்லது நேரத்தில் செல்லவில்லை, அல்லது குறித்த வேளை அவர்களுக்கு ஒவ்வவில்லை. ஒப்புரவின் இலக்கியம் பாதிக்கப்பட்டவரைப் பீடத்தில் வைக்கிறது. நடைமுறை அவருக்குக் கடிதம் போட மறந்துவிடுகிறது. இது சிறு குறையென்று தோன்றலாம். அழைப்பையே அடித்தளமாகக் கொண்ட ஒரு முறையில் இதைவிடப் பெரிய குறை வேறில்லை என்பது நம் கருத்து.

இனி, குடும்பம் என்பதன்மேல் வைக்கப்படும் நம்பிக்கை. நம் மாணவர்கள் இதற்கு ரூத்தின் நான்காம் அதிகாரத்தை விரும்பி எடுத்தாளுகின்றனர். ஊர்வாசல், பத்து மூப்பர், நெருங்கிய இனத்தான் தன் சுதந்தரம் கெடும் என்று விலகுகிறான், போவாஸ் முன்வருகிறான், அநாதரவான இரு பெண்களுக்கு வாழ்வு கிடைக்கிறது. குடும்பக் கூடுகைக்கு இதனினும் பொருத்தமான திருமறைப் பகுதி இராது என்று தோன்றும். ஆனால் வாசலில் பேச்சு நடந்தபோது ரூத்தும் நகோமியும் அங்கே இருந்ததாக அப்பகுதி கூறவில்லை. அவர்களைப் பற்றிப் பேசப்பட்டது. முடிவு நல்லதாயிற்று, போவாஸ் நல்லவனாயிருந்ததால் ஆயிற்று.

போவாஸ் இல்லாத குடும்பத்தில் நிகழ்வதை அறிய சாமுவேலின் இரண்டாம் புத்தகம் பதின்மூன்றாம் அதிகாரத்திற்குச் செல்ல வேண்டும். தாமாரின் கதையில் குடும்பத்தார் அனைவரும் பங்கு பெறுகின்றனர். சூழ்ச்சியைச் சொல்லிக் கொடுப்பவன் பெரிய தகப்பன் மகன் யோனதாப். அவளை அம்னோனின் வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்புபவன் அவளுடைய தகப்பனாகிய தாவீதே. அறியாமல் அனுப்பினான் என்பது உண்மை. நிகழ்ந்தபின் அவளை வாயடக்குபவன் உடன்பிறந்த அப்சலோம்; அவன் அண்ணன்தானே, மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்ற பொருள்படப் பேசுகிறான். ராஜா கடுங்கோபம் கொள்கிறான், கோபத்தோடு நின்றுவிடுகிறான். தாமார் பாழடைந்தவளாய் அண்ணன் வீட்டில் தங்குகிறாள். குடும்பம் கூடிப் பேசித் திட்டம் வகுத்தது என்று இதையும் சொல்லலாம் அன்றோ? வீட்டுக்குள் நிகழ்ந்த தீங்கை வீட்டுக்குள்ளேயே அடக்குவது தமிழ்க் குடும்பத்திற்கோ மாவோரிக் குடும்பத்திற்கோ வெள்ளையர் குடும்பத்திற்கோ தனிச்சொத்தன்று. ஆயர்களாகிய நாம் எத்தனை வீடுகளில் தாவீதாக அமர்ந்திருக்கிறோம் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறோம்.

சட்டம் இவ்வாபத்தை அறியாதிருக்கவில்லை. பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று கண்டால், ஒரு குடும்ப உறுப்பினரைக் கூடுகையிலிருந்து விலக்க ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் கொடுத்தது. பிள்ளைக்கென வழக்கறிஞர் இருக்கவும் இடம் வைத்தது. ஆயினும் ஆறாம் பிரிவின் கதை கவனிக்கத்தக்கது. 1989இல் அப்பிரிவு, நெறிகளோ நலன்களோ ஒன்றோடொன்று மோதுமிடத்தில் பிள்ளையின் நலனே தீர்மானிக்கும் என்றது. மோதல் இருந்தால்தான் என்பது போன்ற ஒரு தொனி அதில் உண்டு. குடும்பத்தின் ஒற்றுமைக்காகப் பிள்ளைகள் ஆபத்தில் விடப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மேசன் என்பவர் தலைமையில் 1992இல் ஒரு மறுஆய்வு நடந்தது. 1994இல் அப்பிரிவு திருத்தப்பட்டு, பிள்ளையின் நலன் முதன்மையானதும் மேலானதும் என்று எழுதப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் இத்திருத்தம் தேவைப்பட்டது. இதைக் கொண்டு 'பார்த்தீர்களா, குடும்பத்தை நம்பியது பிழை' என்று சொல்வோர் உண்டு. நாம் அவ்வாறு சொல்லோம். கதவுக்கு வெளியே காத்திருக்கும் ஒருவர், உள்ளே தாமார் ஒருத்தி இருக்கக்கூடும் என்ற நினைவோடு காத்திருக்க வேண்டும். திருத்தம் சொல்வது அவ்வளவே. கதவை உடைக்கச் சொல்லவில்லை.

ஆனால் நமது முதன்மையான குறை வேறு. அறிக்கை கேட்டது அதிகாரத்தையும் செல்வத்தையும் பகிர்வது. சட்டம் கொடுத்தது ஒரு கூட்டம். கூட்டத்தைக் கூட்டும் ஒருங்கிணைப்பாளர் அரசு ஊழியர். திட்டத்திற்கான பணம் அரசின் கையில். ஏற்பதும் மறுப்பதும் முடிவில் அரசின் பக்கம். பாட்டி, 'பேரனை நான் வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லலாம். அவளுக்கு அறை ஒன்றுள்ள வீடும் வாராந்தரச் செலவுக்குப் பணமும் யார் கொடுப்பார்? சட்டம் வந்து இரண்டு ஆண்டுகள் நிறையுமுன்னரே, 1991 ஏப்ரல் முதல் நாளன்று, அந்நாட்டு அரசு ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகைகளைக் கடுமையாகக் குறைத்தது. பொறுப்பை ஒரு கையால் குடும்பத்தின் தோளில் வைத்து, மறு கையால் அதன் மடியிலிருந்ததை எடுத்துக்கொண்டது என்றால் மிகையாகாது. யுவான் டவுரி போன்ற மாவோரி அறிஞர்கள், அரசு தங்கள் மரபின் சாயலை எடுத்துக்கொண்டு அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது என்று கடிந்தெழுதியுள்ளனர். அவர்கள் குரலை 'தீவிரவாதம்' என்று ஒதுக்கிவிடுவது நம்மவர்க்கு எளிது. 1986ஆம் ஆண்டு அறிக்கையை வாசித்தவர் அவ்வாறு ஒதுக்க இயலாது.

கூட்டத்தின் வடிவம் மட்டும் கப்பலேறியது. இங்கிலாந்து, சுவீடன், அமெரிக்க நாடுகள் எனப் பல இடங்களில் இம்முறை பரவிற்று. நிலத்தையும் மொழியையும் இழந்த ஒரு மக்களின் முறையீட்டிலிருந்து பிறந்தது, பயிற்சி வகுப்பில் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய உத்தியாயிற்று. சுந்தெல், வின்னர்லியுங் என்னும் இரு ஆய்வாளர்கள் சுவீடனில் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, கூடுகை கண்ட பிள்ளைகளின் நிலை மற்றப் பிள்ளைகளின் நிலையைவிட மேம்பட்டதாகக் காணவில்லை. ஓர் ஆய்வைக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவிடலாகாது. ஆயினும் வேரில்லாமல் கிளையை மட்டும் நட்டவர் பூவை எதிர்பார்த்தது ஏன் என்று கேட்கலாம்.

தாய்நாட்டிலும் கிளை வாடிற்று. நீதிமன்றத்தில் மறுதரப்புக்கு அறிவிக்காமலே ஆணை பெற்றுப் பிள்ளைகளை எடுத்துச் செல்லும் வழக்கம் வளர்ந்தது. அப்போது கூடுகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2019இல் ஹேஸ்டிங்ஸ் நகர மருத்துவமனையில் பிறந்த குழந்தை ஒன்றைத் தாயின் பக்கத்திலிருந்து எடுக்க அதிகாரிகள் முயன்ற காட்சி வெளிவந்தபோது நாடு அதிர்ந்தது. வைத்தாங்கி தீர்ப்பாயம் 2021இல் அரசு உடன்படிக்கையை மீறியுள்ளது என்று கண்டது. உடன்படிக்கைக்கேற்ப நடக்கும் கடமையைத் துறைத் தலைவர்மேல் சுமத்திய 7ஏஏ என்னும் பிரிவு, 2019இல் நடைமுறைக்கு வந்து, 2025இல் நீக்கப்பட்டது. நீக்கத்தை முன்மொழிந்த அமைச்சர் தாமே மாவோரி. அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர். குலமா, பாதுகாப்பா என்று பிள்ளையை இரண்டாகப் பிளந்து பேசும் நிலைக்கு விவாதம் வந்திருப்பதை இது காட்டுகிறது. தாமாரின் பக்கம் நின்று அவர் பேசுகிறார் என்பதை நாம் மதிக்கிறோம். கதவையே அடைத்துவிடுவது அவளுக்கு உதவுமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. இதற்கிடையே, மன்றங்களில் கூடும் ரங்கதாகி நீதிமன்றங்கள் 2008இல் கிஸ்போர்ன் நகரில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியிருப்பதையும் சொல்ல வேண்டும். வேர் முற்றிலும் பட்டுப்போகவில்லை.

திருச்சபைக்குரிய பகுதி இனித்தான் வருகிறது. அரசுப் பராமரிப்பிலும் சமய நிறுவனங்களின் பராமரிப்பிலும் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய்ந்த ராயல் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2024 ஜூலையில் வெளியாயிற்று. 1950 முதல் 2019 வரை அத்தகைய பராமரிப்பில் இருந்த ஏறக்குறைய 6,55,000 பேரில் 2,00,000 பேர் கொடுமைக்குள்ளாயினர் என்று அது மதிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். திருச்சபைகளின் இல்லங்கள் அந்த எண்ணிக்கைக்கு வெளியே இல்லை. குடும்பத்தில் ஆபத்து உண்டு என்று சொல்லிப் பிள்ளையை எடுத்தவர்கள், கிறிஸ்துவின் பெயரால் நடத்திய இல்லத்தில் அதைவிடப் பெரிய ஆபத்தை வைத்திருந்தனர். குடும்பத்தை நம்பலாமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நிறுவனத்தை நம்பலாமா என்று யாரும் நம்மைக் கேட்பதற்குமுன் நாமே கேட்க வேண்டியிருந்தது.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமும் பிள்ளையின் பராமரிப்பில் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையது என்றும், நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்றும் கூறுகிறது. திருச்சபை விடுதிகள் இச்சட்டத்தைப் பெரும்பாலும் பதிவு, பரிசோதனை, கோப்பு என்ற அளவிலேயே அறிந்திருக்கின்றன. மிஷனெரிகள் காலந்தொட்டு விடுதிகள் நம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவாயிருந்தன. இந்நூற்றாண்டிலும் பலருக்கு அவ்வாறே இருக்கின்றன. அதை மறுப்பது நன்றிகேடு. நாம் கேட்பது ஒன்றே. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையொப்பம், ஆயர் பரிந்துரை ஆகிய இரண்டுக்கும் இடம் இருக்கிறது. தாய்மாமனையும் அத்தையையும் பாட்டியையும் ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டோம் என்று எழுத இடம் இல்லை. அப்படி உட்காரும் நாளில் அப்பிள்ளையும் அங்கே இருக்க வேண்டும். அவனுக்காகப் பேச, குடும்பத்தில் சேராத ஒருவரும் இருக்க வேண்டும். ஆயர் முதலில் பேசிவிட்டு, எழுந்து திண்ணைக்குப் போய்விட வேண்டும்.

இவ்வாண்டு முதல் நம் வகுப்பில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் 1986ஆம் ஆண்டு அறிக்கையை மாணவர்கள் வாசிக்கும்படி ஒழுங்கு செய்திருக்கிறோம். ராயல் ஆணையத்தின் அறிக்கையில் சமய நிறுவனங்கள் பற்றிய பகுதி மூன்றாவதாக வரும். அது நீளமானது, வாசிக்கக் கடினமானது. அதற்கென இரண்டு வாரங்கள் ஒதுக்கியுள்ளோம்.